ஏர்வாடிப் பக்கம் பயிற்சி நாட்கள்

ஆகஸ்ட் 4
எம்.ஃபில் மருத்துவ உளவியல், இரண்டாம் வருடம். களப்பணிக்கு ராமநாதபுரம் வந்தாயிற்று. மனநல மருத்துவமும் எங்களுக்கு ஒரு பாடம்தான், தேர்வும் எழுதியாயிற்று. ஆனால் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், நர்ஸ் எல்லாரோடும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு மனிதரைப் பார்ப்பது வேறு படிப்பு.

ஆகஸ்ட் 5
(அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) நாட்டுப்படகில் போகிறவர். இருமுனை மனநோய்க்கு (உற்சாகமும் சோர்வும் மாறி மாறி உச்சத்துக்குப் போகும் நோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். "கை நடுங்குது தாயி, எதுக்கோ பயப்படுறாக" என்றார் மனைவி. பதற்றமாக இருக்கும், பேசிப் பாருங்கள் என்று என்னிடம் அனுப்பினார்கள். கூடவே இருந்த சிஸ்டர் அவரைக் கொஞ்சம் நடக்கச் சொன்னார். தள்ளாடினார். வாந்தி உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, மெடிக்கலில் வேறு மாத்திரை வாங்கினீர்களா என்று வரிசையாகக் கேட்கக் கேட்க, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டே இந்த வெயிலில் கடலுக்குப் போய்வந்தது தெரிந்தது. வியர்த்து நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவிடும், அந்த வலி மாத்திரையும் அதையே செய்யும். நடுக்கமும் தள்ளாட்டமும் ரத்தத்தில் லித்தியம் கூடியதன் அறிகுறி. லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினாலே ஆபத்து. டாக்டர் உடனே மருந்தை நிறுத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகஸ்ட் 6
2001-இல் இதே நாள், ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் மாட்டி 28 பேர் இறந்தார்கள். மனநோய் தீரும் என்று நம்பி இங்குள்ள தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துஆவோடு (பிரார்த்தனையோடு) தவாவும், அதாவது மருந்தும், கிடைக்க அரசு 'தவா துஆ' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. எனக்கு அது ரொம்பச் சரியாகப் படுகிறது. நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 8
அந்தப் படகுக்காரர் தேறிவிட்டார். இன்று நிதானமாகப் பேசினோம். வலை இழுக்க முடியவில்லை என்று தெரிந்தால் கூட வருகிறவர்கள் தன்னை ஒதுக்கிவிடுவார்கள், அதனால்தான் வலி மாத்திரை. இதை யாரிடமும் சொல்லவில்லையாம், மனைவியிடம்கூட. என் படிப்புக்கு இங்கேதான் வேலை. அவர் சம்மதத்தோடு குழுவில் சொன்னேன். டாக்டர் வலிக்கு வேறு வழி பார்க்கிறார். சமூகப் பணியாளர் அவர் வீட்டுக்குப் போகிறார். தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போக வேண்டும், ரத்தப் பரிசோதனை எப்போது என்பதை சிஸ்டர் மனைவியிடம் சொல்லிக்கொடுத்தார்.

இப்படிச் சேர்ந்து உட்கார்வது நேரம் இருந்தால் நடப்பதாக இருக்கக் கூடாது, பயிற்சியில் கட்டாயமாக்க வேண்டும். அடுத்தது பாம்பன் முகாம். அப்புறம், மருந்தாளுநரையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறேன்.