சிப்பி கட்டிய பாலம்

சீனாவின் புஜியான் மாகாணத்துக்குப் போகிற நம்மாட்கள் வூயி மலையில் மூங்கில் தெப்பம் ஏறி, வட்ட மண்கோட்டை வீடுகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இரண்டும் நல்லதுதான். ஆனால் மட்டக்களப்பிலிருந்து போகிறவருக்கு ஒரு நாள்தான் மிச்சம் என்றால் அதே மாகாணத்தின் பழைய துறைமுக நகரமான சுவான்ஜோவுக்குப் போங்கள். பக்கத்து நகரமான சியாமெனிலிருந்து வேக ரயிலில் அரை மணி சொச்சம்.

அங்கேதான் லுவோயாங் பாலம். தேடும்போது கவனம்: ஹெனான் மாகாணத்தில் லுவோயாங் என்றே ஒரு பெரிய நகரம் உண்டு. அதற்கு டிக்கெட் போட்டால் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் போய் இறங்குவீர்கள்.

1053இல் தொடங்கி 1059இல் முடித்த கற்பாலம். ஆறு கடலில் விழும் இடம், அடியெல்லாம் சேறு. தூண் நட்டால் புதையும். அதனால் பாலம் போகும் வழி நெடுகக் கல்லைக் கொட்டி, ஆற்றடியில் அகலமான மேடை போட்டார்கள். அந்தக் கற்கள் அலைக்கு அசையாமலிருக்க அவற்றின்மேல் சிப்பி வளர்த்தார்கள். நம் முகத்துவாரப் பக்கம் கல்லில் ஒட்டிய சிப்பியைக் கத்தியால் கிளப்பிப் பார்த்தவருக்கு அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று விளங்கும். பிறகு அங்கே சிப்பி எடுக்கவே தடை போட்டார்கள். மேலே கிடக்கும் நீளமான கருங்கற்களைத் தண்ணி ஏறும்போது மிதவையில் கொண்டுவந்து தூண்களுக்கு நேரே நிறுத்தி, வற்றும்போது தானாக இறங்கவிட்டார்கள். நம் கரையில் இந்த வித்தை எடுபடாது. ஏற்றவற்றம் ஒரு மீற்றர்கூட வராது. அங்கே நாலைந்து மீற்றர். ஆகவே வற்று நேரம் பார்த்துப் போங்கள், இல்லையென்றால் தூணின் அடி தெரியாது.

நகரத்துக்குள் கையுவான் பௌத்த கோயில். எல்லாரும் முன்னால் நிற்கும் இரட்டைக் கற்கோபுரங்களோடு திரும்பிவிடுகிறார்கள். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போங்கள். அங்கே இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இடிந்துபோன ஒரு சைவ, வைணவக் கட்டடத்தின் கல், திருத்த வேலைக்கு எடுத்துப் போட்டது. 1281இல் இந்த ஊரில் சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

ஆடி முதல் புரட்டாசி வரை அந்தக் கரையில் சூறாவளிப் பயம். ஐப்பசியில் வாடை எழும்பினால் வானம் தெளிந்துவிடும். அந்த வாடையில் பாய் விரித்துத்தான் சுவான்ஜோக் கப்பல்கள் நம் பக்கம் வந்தன. நமக்கு மாரி கொண்டுவருவதும் அதே காற்றுத்தான், அதனால் வயலை யாரிடமாவது பொறுப்புக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.