லாரியோடு அலைந்த இயக்குநர்

அருங்காட்சியக இருப்பறையில் பதிவேடு எழுதுகிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். ஒருமுறை அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒரு மரக்கை கிடந்தது. முழங்கையோடு உடைந்திருந்தது, சீட்டு இல்லை, எந்தச் சிலையின் கை என்றும் தெரியவில்லை. மூன்று நாள் தேடிப் பார்த்துவிட்டு ‘இதர’ என்று எழுதி மூடிவிட்டேன். இப்போதும் உறுத்துகிறது. போரிஸ் வொஸ்னித்ஸ்கியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

உக்ரைனின் லிவிவ் நகர ஓவியக் கூடத்துக்கு அவர் 1962-இல் இயக்குநராக வந்தார், 2012-இல் சாகும்வரை இருந்தார். கலை வரலாறு படித்தவர்தான், ஆனால் அந்த அறிவை நாற்காலியில் உட்கார்ந்து செலவழிக்கவில்லை. சோவியத் ஆட்சியில் தேவாலயங்களை மூடிக் கிடங்குகளாக்கிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே இருந்த பீடங்களும் சிலைகளும் மழையில் நனைந்து, உளுத்து, சில இடங்களில் விறகாகவும் போய்க்கொண்டிருந்தன. இவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு லாரியில் ஊர் ஊராகப் போய் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்தார். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே, அந்த அரசு வேண்டாம் என்று தள்ளியதை அரசுக் கூடத்திலேயே கொண்டுவந்து அடுக்கினார் பாருங்கள், அந்தத் துணிச்சல் சத்தம் போடாத துணிச்சல்.

அப்படி வந்தவற்றில் பின்செல் என்ற சிற்பியின் சிலைகளும் உண்டு. லிவிவுக்குப் பக்கத்தில் ஹொடோவித்சியா என்ற கிராமத்துத் தேவாலயத்தில் இருந்தவை. கத்தியை ஓங்கிய ஆபிரகாம், சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சிம்சோன். எல்லாம் மரம், மேலே தங்கப் பூச்சு. துணி மடிப்புகளைப் பார்த்தால் துணி மாதிரியே இருக்காது, தகரத்தைக் கசக்கிவிட்ட மாதிரி கூர்கூராக நிற்கும். அந்தத் தேவாலயம் பிறகு கூரையை இழந்து பாழடைந்தது. சிலைகள் அங்கேயே இருந்திருந்தால்? சரி, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பின்செல் 18-ஆம் நூற்றாண்டுக்காரர், எங்கே பிறந்தார் என்று இன்றுவரை தெரியாது. அவருடைய முதற்பெயர் யோஹான் கேயோர்க் என்பதே 1990-களில்தான், புச்சாச் ஊர்த் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து தெரியவந்தது. அவர் மனைவி 1762-இல் மறுமணம் செய்த பதிவை வைத்துத்தான் அதற்குள் அவர் இறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். ஆக, சிற்பியின் முழுப்பெயர்கூடத் தெரியாத காலத்திலேயே சிலைகளை லாரியில் ஏற்றியாயிற்று. என்னைப் போன்ற பதிவேட்டுக்காரன் கையில் விட்டிருந்தால், ‘விவரம் தெரியட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்றிருப்பேன். எங்கள் தொழிலின் வியாதி அது. ஆனால் எந்தக் கிளார்க்கோ அன்று ஒழுங்காக எழுதிவைத்த ஒரு வரிதான் பின்செலுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அள்ளிக்கொண்டு வந்ததை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. இடிந்து கிடந்த ஒலெஸ்கோ கோட்டையை வொஸ்னித்ஸ்கி செப்பனிட்டு 1975-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். சிறைச்சாலையாக இருந்த ஸோலோச்சிவ் கோட்டையும், காசநோய் மருத்துவமனையாக இருந்த பித்ஹிர்த்சி கோட்டையும் பிறகு சேர்ந்துகொண்டன. 1996-இல் லிவிவில் பழைய தேவாலயம் ஒன்றிலேயே பின்செலுக்கென்று தனி அருங்காட்சியகம் வந்தது. எல்லாமே ஏதோவொரு ஓட்டைக் கூரையோடு மல்லுக்கட்டிய வேலை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதைவிட அதற்குத்தான் நேரம் போயிருக்கும் என்று, ஒழுகும் இருப்பறையில் பக்கெட் வைத்துப் பழகியவன் என்ற முறையில், நினைக்கிறேன்.

2012 மே 23 அன்று கார் விபத்தில் இறந்தார், வயது 86. அதே வருடம் நவம்பரில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பின்செல் கண்காட்சி திறந்தது.