மெத்தனாலில் அணைந்த ஒளி

இஆர்கே என்னும் புரதம் செல்லுக்குள் இருக்கிறதா என்று அறிவது எளிது. அது அந்தக் கணத்தில் செயல்பட்டுக்கொண்டிருக்கிறதா என்று அறிவதுதான் கடினம். செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து ஒட்டியதும், ராஸ், ராஃப், மெக் என்னும் புரதங்கள் வழியே கைமாறி வரும் சமிக்ஞை, இஆர்கே 1 புரதத்தின் 202ஆம் இடத்துத் திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மீதும் 204ஆம் இடத்து டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அவ்வாறு பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளுடன் அலெக்ஸா ஃபுளூர் 488 சாயத்தைப் பிணைத்துவிட்டால், 488 நானோமீட்டர் நீல லேசர் பட்டதும் அது பச்சையாக ஒளிர்கிறது.

பாஸ்பேட் நிலையற்றது. ஆகவே, இந்தச் சமிக்ஞையைக் கிளப்பும் பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பதினைந்து நிமிடம் தூண்டிய ஜுர்காட் செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித டி செல்கள்) ஃபார்மால்டிஹைடால் உடனே நிலைப்படுத்தி, பனிக்கட்டியில் குளிர்ந்த 90 சதவீத மெத்தனாலால் அவற்றின் சவ்வைத் திறந்த பிறகே எதிர்ப்பொருளைச் சேர்ப்பேன்.

என் முதல் சோதனையில், மேற்பரப்பிலுள்ள சிடி3 புரதத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்ற பேராசையில், ஆரஞ்சாக ஒளிரும் ஃபைக்கோஎரித்ரின் சாயத்தை இணைத்த எதிர்ப்பொருளை, மெத்தனாலுக்கு முன்னதாகவே சேர்த்துவிட்டேன். செல்களை ஒவ்வொன்றாக லேசரின் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃபுளோ சைட்டோமீட்டர் கருவியின் வரைபடத்தில், பச்சை ஒளி எதிர்பார்த்தபடி வலப்புறம், அதாவது அதிக ஒளியின் பக்கம், நகர்ந்திருந்தது. ஆரஞ்சு ஒளியோ சாயமே சேர்க்காத செல்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படும் ஃபைக்கோஎரித்ரினும் ஒரு புரதமே என்பதால், மெத்தனாலில் அதன் மடிப்பு குலைந்து ஒளி அணைந்துபோயிருந்தது. கருவியைக் குறைகூறி அரை நாளைக் கழித்த பின்னரே இது எனக்கு உறைத்தது. இப்போது சிடி3க்கும் மெத்தனாலைத் தாங்கும் சிறிய கரிமச் சாயம் ஒன்றையே பயன்படுத்துகிறேன்.