நாலு ரேம் மாட்டிய பிறகு

போன மாசம் வரைக்கும் என் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ரேம்தான். 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்4 வகை, வேகம் 3200. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு. ஊரில் கிடந்த குடும்ப ஆல்பங்களை ஸ்கேன் செய்து கறை நீக்குகிற வேலையைத் தொடங்கிய பிறகு 16 பத்தவில்லை. பெரிய ஃபைல் நாலு திறந்தாலே மூச்சு வாங்கும். இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கி 32 ஆக்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

பெங்களூரு ஹலசூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தால் எஸ்.பி. ரோடு. பழைய ரேமின் பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதே கம்பெனி, அதே மாடல், அதே சிஎல்16 (தரவு கேட்டால் ரேம் எத்தனை துடிப்பில் பதில் சொல்லும் என்ற எண்). கடை அண்ணன் தருமபுரிக்காரர். "சேம் ரேம்தானே தம்பி, மாட்டுனா ஓடும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. போர்டு ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு குட்டி விளக்கு உண்டு. டிராம் விளக்கு மஞ்சளாக எரிந்தபடியே நின்றது. தானாக அணைந்தது, தானாக ஆன் ஆனது. மூன்று முறை இப்படி. நாலாவது முறை திரை வந்தது, ஆனால் ரேம் ஓடியது 2133-இல்.

ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு வோல்ட்டில் ஓடலாம் என்ற அட்டவணை அதற்குள் இருக்கும். ஜெடெக் என்ற பொது அமைப்பு வகுத்த வேகம் ஒன்று, 1.2 வோல்ட்டில். பெட்டியில் பெரிதாக அச்சடித்த 3200 பெரும்பாலும் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலின், அதாவது ரேம் கம்பெனியே எழுதிவைத்த கூடுதல் வேகத்தின் கணக்கு, அதற்கு 1.35 வோல்ட். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் போர்டின் செட்டிங் பக்கத்தில், நாமே ஆன் செய்தால்தான் அது வரும். சில போர்டுகளில் ஏ-எக்ஸ்எம்பி என்றும், சிலவற்றில் டிஓசிபி என்றும் இருக்கும். காசு கொடுத்து 3200 வாங்கி, வருஷக்கணக்காக 2133-இலேயே ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். சிபியு-இசட் என்ற மென்பொருள் பாதியைக் காட்டினால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது, அதனால் 1600 என்றால் 3200.

எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். இந்தத் தடவை திரை வரவே இல்லை. பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப்பிடித்து மிச்ச கரண்டை வடித்து, பயாஸ் செட்டிங்கை அழிப்பதற்கான, க்ளியர் சிமாஸ் என்று எழுதிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி தொட்டேன். திரை திரும்பியது, பழையபடி 2133.

முதல் சந்தேகம் ஸ்லாட் மேல். என் போர்டில் ரேமைப் பிடிக்கும் கிளிப் ஒரு பக்கம்தான் மடங்கும், மறுபக்கம் அசையாது. கிளிப் உள்ள பக்கம் 'டிக்' என்று விழுந்ததும் உட்கார்ந்துவிட்டதாக நினைப்போம். மறுமுனை ஒரு நகக்கண் அளவு தூக்கி நிற்கும். எனக்கும் ஒரு ஸ்டிக் அப்படித்தான் நின்றது, சரியாக அழுத்தினேன். தங்க நிறக் கால்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

பிறகு ஒவ்வொரு ஸ்டிக்காக, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஏ2 ஸ்லாட்டில் போட்டேன். நாலுமே தனியாக 3200-இல் ஓடின. ஏ2, பி2-வில் பழைய ஜோடி ஓடியது, புது ஜோடியும் ஓடியது. நாலும் சேர்ந்தால் மட்டும் மஞ்சள் விளக்கு.

சிபியு-இசட்டின் எஸ்பிடி பக்கத்தில் விஷயம் புரிந்தது. டைமிங் என்பது ஒவ்வொரு வேலைக்கும் ரேம் எத்தனை துடிப்பு எடுக்கும் என்ற கணக்கு. பழைய ஜோடியின் டைமிங் 16-18-18-38. புதுசு 16-20-20-38. உள்ளே இருக்கும் மெமரி சிப்பைச் செய்தவரே வேறு. பெட்டி ஒன்று, சரக்கு வேறு. கடை அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, பெட்டியை மேலோட்டமாகப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 32 வேண்டுமென்றால் ஒரே பெட்டியில் கிட்டாக வருவதை வாங்குங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் விடவில்லை. டைமிங்கை 16-20-20-40 என்று கையால் போட்டு, ரேம் வோல்ட்டை 1.37 ஆக்கி, பிராசஸருக்குள் ரேமை இயக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டை 1.1-இல் வைத்தேன். 3200-இல் விண்டோஸ் வந்தது! அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் பரிசோதிக்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

இரண்டு நாள் கழித்து, சேமித்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆயாவும் தாத்தாவும் ஹொகேனக்கல்லில் நிற்கும் படத்தில் இடுப்புக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறக் கோடு. இன்னும் இரண்டு படம் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை, நீலத்திரை வரவில்லை. ரேமில் ஒரு பிட் மாறினாலும் கெட்ட தரவு சத்தமில்லாமல் டிஸ்க்கில் போய் உட்காரும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தபோது வயிறு கலங்கியது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் பிழைகள் வரிசையாக விழுந்தன.

அதற்கப்புறம்தான் ஏஎம்டியின் அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். இந்தத் தலைமுறை ரைசனுக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 3200. ஒற்றை ரேங்க் (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சிப் தொகுதி ஒன்றே உள்ள) ஸ்டிக் நாலு என்றால் 2933. இரட்டை ரேங்க் நாலு என்றால் 2667. ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது, நாலு ஸ்டிக்கின் பாரத்தையும் அதுதான் இழுக்க வேண்டும். என்னுடையவை எல்லாம் ஒற்றை ரேங்க். இதை முதலிலேயே பார்த்திருந்தால் இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

2933, 16-20-20-40, 1.35 வோல்ட். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மெம்டெஸ்ட்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் காப்பியோடு வந்து பார்த்தால் நாலு சுற்றும் முடிந்து, பிழை சைபர். வேகத்தில் கணக்குப்படி எட்டு சதவீதம் குறைவு. படம் திருத்துகிற வேலையில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை.

அந்த இரண்டு நாளில் சேமித்த படங்கள் அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பயாஸ் செட்டிங்கை ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்தேன். அதுவும் என்றைக்காவது போய்விடலாம் என்பதால், எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.