குனிந்து பார்த்த முதியவர்

அருங்காட்சியகங்களுக்கு ஆலோசகராகச் சென்ற தொடக்க ஆண்டுகளில், அறிக்கை எழுதுவதுதான் என் வேலை என்று நம்பியிருந்தேன். பார்வையாளர்களுக்குப் பின்னால் நின்று கவனிப்பதே முதல் வேலை என்பது, நான் திட்டமிட்ட முதல் காட்சிக்கூடம் திறந்த அன்றுதான் உறைத்தது. பழைய நிலவரைபடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 சொற்களில் விளக்கக் குறிப்பு எழுதி, மூன்று முறை சரிபார்த்திருந்தேன். வந்தவர்கள் முதல் வரியோடு நகர்ந்தார்கள். ஒரு முதியவர் மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தார். தம் நிழலே எழுத்தின் மேல் விழ, இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார். பழங்காகிதத்தின் மேல் 50 லக்ஸ் என்ற மங்கலான அளவுக்கு மிகாமல் வெளிச்சம் விழ வேண்டும் என்ற பாதுகாப்பு நெறியைப் பிசகாமல் கடைப்பிடித்த நான், அந்த மங்கலில் பொடி எழுத்தை யார் படிப்பார்கள் என்று யோசிக்கவேயில்லை.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் கில்மன் 1916இல் எழுதிய கட்டுரை அதன் பிறகே என் கைக்கு வந்தது. காட்சிப்பொருள்களைப் பார்க்க ஒருவர் குனிந்தும் வளைந்தும் படும் பாட்டை ஒளிப்படங்களாக எடுத்து, அதனால் வரும் அலுப்பை அருங்காட்சியகக் களைப்பு என்று அவர் விவரித்திருந்தார். அத்தனை காலத்துக்கு முன்பே சுட்டிக்காட்டப்பட்ட குறையை, கட்டணமும் வாங்கிக்கொண்டு, நான் புதிதாகக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

இன்றும் முதல் கூட்டத்திலேயே தொடுதிரை எத்தனை வைக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். உட்கார இருக்கை எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. செலவைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவதும் இருக்கைதான். அதற்காக நான் போட்ட சண்டைகளில் பாதியிலாவது தோற்றிருப்பேன்.

இப்போதெல்லாம் வடிவமைப்பு வரைபடத்தைத் தொடுவதற்கு முன், கூடத்தின் காவலரோடு ஒரு நாள் முழுவதும் நின்றுவிடுகிறேன். ஒரு காவலர் சொன்னார்: “சார், இங்கே ரெண்டே கேள்விதான் வரும். கழிப்பறை எங்கே, இது அசலா நகலா.” எங்கள் கருத்தாய்வுப் படிவத்தில் அந்த இரண்டுமே இல்லை.

அந்த நிலவரைபடக் குறிப்பைப் பின்னர் என் செலவிலேயே திருத்திக் கொடுத்தேன். 40 சொற்கள், பெரிய எழுத்து, பெட்டிக்கு வெளியே சாய்வான பலகை. முதல் சொல், ‘அசல்’.