சூரிச்சில் கோதுமை விதைக்க அனுமதி வாங்கிய கதை

"சுவிட்சர்லாந்தில்தான் மரபணு மாற்றப் பயிருக்குத் தடையாச்சே, அப்புறம் எப்படி வயலில் போட்டீர்கள்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தடை வணிகச் சாகுபடிக்குத்தான். 2005 பொதுவாக்கெடுப்பில் 55.7 சதவீதம் பேர் ஆதரித்த அந்த ஐந்தாண்டுத் தடையை நாடாளுமன்றம் இன்றுவரை நீட்டித்துக்கொண்டே வருகிறது. ஆராய்ச்சி செய்யலாம், மத்திய சுற்றுச்சூழல் அலுவலகம் அனுமதிக்க வேண்டும்.

எங்களுடையது சாம்பல் நோயைத் தாங்கும் கோதுமை. சேர்த்த மரபணுவும் கோதுமையிலிருந்து எடுத்ததுதான். அதற்காக விண்ணப்பம் இளைத்துவிடவில்லை. மகரந்தம் எவ்வளவு தூரம் போகும், எலி தானியத்தைத் தூக்கிப் போனால் என்ன செய்வீர்கள், சிந்திய மணி அடுத்த வருடம் முளைத்தால் யார் பிடுங்குவது என்று எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பிறகு அரசிதழில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், நிபுணர் குழுக்களின் கருத்து. இந்த நாட்டு அரசியலமைப்பு உயிரினங்களின் கண்ணியத்தைக் காக்கச் சொல்கிறது. அதில் செடிகளும் அடக்கம். ஆகவே கோதுமையின் கண்ணியத்துக்குப் பங்கம் வராது என்றும் விளக்கினோம். சிரிப்பு வந்தது, ஆனால் எழுத உட்கார்ந்தபோது அவ்வளவு எளிதாக இல்லை.

சூரிச் புறநகரான ரெக்கன்ஹோல்ஸில்தான் வயல். 2008-இல் முகமூடி போட்ட ஒரு கும்பல் அங்கே புகுந்து கோதுமைச் சோதனையை நாசம் செய்தது. அதனால் 2014 முதல் அரசு செலவில் வேலியும் காவலுமாக சுமார் மூன்று ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட நிலம் இருக்கிறது. வேலை நம்மூர்க் களையெடுப்புதான், கொஞ்சம் பதற்றம் கூடுதல். அறுவடை முடிந்த மண்ணில் குனிந்து, தானாக முளைத்த ஒவ்வொரு நாற்றையும் தேடிப் பிடுங்கி, எண்ணி, பதிவேட்டில் எழுத வேண்டும். புல்லா கோதுமையா என்று சந்தேகம் வந்தால், தண்டில் இலை சேரும் இடத்தில் பொடிமுடி இருக்கிறதா என்று விரலால் விலக்கிப் பார்ப்போம்.

பார்வையாளர்கள் வருவார்கள். கத்தப் போகிறார்கள் என்று தயாராக இருந்தால், பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்களாக இருந்தார்கள். வயதான விவசாயி ஒருவர் சொன்னார்: "இது விஷம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் விளைச்சல் வெளிநாட்டுச் சரக்கைவிட விலை அதிகம். மரபணு மாற்றம் இல்லாதது என்று சொல்லி விற்கிறோம். அதையும் எடுத்துவிட்டால் வேறு எதைச் சொல்லி விற்பது?" ஆய்வுக்கூடத் தரவை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது. மக்களுக்கு அறிவியலைப் புரியவைத்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பதில்லை.

2024-இல் மரபணுத் திருத்தம் செய்த பார்லி ஒன்றுக்கு இங்கே சோதனை அனுமதி கிடைத்தது. வெளியிலிருந்து மரபணு எதுவும் சேர்க்காத பயிர் அது. அதற்கும் இதே வேலி, இதே காகிதங்கள்தான்.