இடைத்தேர்தலை வைத்து நாடி பார்க்கலாமா?

இடைத்தேர்தல் முடிந்த மறுநாளே சிங்கப்பூரின் கோப்பிக்கடையில் அடுத்த பொதுத்தேர்தலின் முடிவையும் சொல்லிவிடுவார்கள். 2013 ஜனவரியில் பொங்கோல் ஈஸ்ட் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 54.5% பெற்று வென்றது. 2011இல் அங்கே 54.5% வாங்கிய ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சி 43.7%க்கு இறங்கியது. அலை திரும்பிவிட்டது என்றார்கள். 2015இல் ஆளுங்கட்சி நாடு முழுவதும் 69.9% அள்ளியது, அந்தத் தொகுதியும் கைமாறியது.

ஆன்சன் வேறு கதை. 1981 இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினம் அங்கே வென்றார். 1984 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் தேசிய வாக்கு விகிதமும் ஏறக்குறைய 13 புள்ளி சரிந்தது.

கணக்குப் போடுவதென்றால், வென்றவர் யார் என்பதைத் தள்ளிவைத்து, அதே தொகுதியின் முந்தைய விகிதத்தோடு கழித்துப் பாருங்கள். 2016 புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியின் முரளி பிள்ளை 61.2% பெற்றார். வசதியான வெற்றிதான், ஆனால் 2015ஐவிட சுமார் 12 புள்ளி குறைவு. 2020 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் தேசிய விகிதமும் 61.2%! இதைப் பார்த்து மயங்க வேண்டாம், தற்செயல்தான். 2016இல் எதிர்த்து நின்றவர் சீ சூன் ஜுவான். முந்தைய தேர்தலில் அவர் அங்கே நிற்கவில்லை. ஆள் மாறினால் கழித்தல் கணக்கு பாதி செல்லாது.

இன்னொன்று, இடைத்தேர்தலில் அரசாங்கம் கவிழாது என்று வாக்காளருக்குத் தெரியும். துணிந்து எதிர்த்துப் போடலாம். 1991இல் 81 இடங்களில் 41ஐப் போட்டியின்றி விட்டுக்கொடுத்து, ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை முன்பே உறுதி என்று காட்டி, எதிர்க்கட்சிகள் பொதுத்தேர்தலிலேயே இந்த மனநிலையை உண்டாக்கின. அவற்றுக்கு 4 இடம் கிடைத்தது.